நண்டுமுனையில் உரோமமுள்ள நாய் இல்லை

நண்டுமுனைக் கிராமசபை நாய்களுக்கு நன்மை செய்யப்போகிறதாம் என்று கேள்விப்பட்டதும் மக்டலினுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணமில்லாமல் பயப்படவில்லை. சபை அதற்கு முன்பு பொதுக்கிணற்றுக்கு நன்மை செய்திருந்தது. அன்றிலிருந்து அதில் தண்ணீர் குடிக்க ஆளில்லை. பிறகு தோணித்துறைக்கு நன்மை செய்தது. துறை இருந்த இடத்தில் இப்போது இரண்டு கட்டைகளும் சேர்மனின் பெயர் வெட்டிய ஒரு கல்லும் நிற்கின்றன. இனி நாய்கள்தான் மிச்சம்.

மக்டலின் வாவிக்கரையில் மீன் காயப்போட்டு வயிறு வளர்க்கிறவள். புருஷன் செபஸ்தியாம்பிள்ளை கரைவலைக் காலத்தில் மாங்கேணிக்குப் போனானென்றால் வாடைக்காற்றுத் தொடங்கித்தான் திரும்புவான். வீட்டில் அவளும், தவழுகிற பிள்ளை பீற்றிஸும், கப்பித்தான் என்ற நாயும். கப்பித்தானுக்குச் சோற்றுக்கு ஏற்ற வேலை இருந்தது. கருவாட்டுப் பாயைக் காகம் அண்டவிடாது. பிள்ளை தண்ணீர்ப் பக்கம் தவழ்ந்தால் சட்டையைக் கவ்விப் பின்னுக்கு இழுக்கும். இதை அதற்கு ஆரும் பழக்கவில்லை. அது இல்லாவிட்டால் மக்டலினால் ஒரு மீனைக்கூட நிம்மதியாகக் கீற முடியாது. அப்படிப்பட்ட நாய்க்குத்தான் அந்த வருசம் முதுகில் உரோமம் உதிர்ந்து, தோல் வெடித்து, இரண்டு கையகலத்துக்கு வெறுமையாகக் கிடந்தது.

சபையின் கார் ஒலிபெருக்கியோடு வந்து தெருமுனையில் நின்றது.

"பொதுமக்களுக்கு அறியத்தருவதாவது. நாய்களின் தோல், உரோம மேம்பாட்டுத் திட்டம் இன்று தொடங்குகின்றது. வீட்டுக்கு ஒரு தகரம் எண்ணெய் இலவசம். பரிசோதனை நாளன்று முதுகில் உரோமமற்ற வெளி தெரிகின்ற நாய்கள் அன்போடு அகற்றப்படும்."

அகற்றுகிறவன் பெயர் ஜெயராஜா. சபைக்கு முன்னாலுள்ள பூவரச மரத்தடியில், வேட்டைத் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருப்பான். வாயாடமாட்டான். போகிற வருகிற நாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

திட்டத் தொடக்கவிழாவுக்கு ஊரே போனது. எண்ணெய்த் தகரங்கள் எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றிலும் மஞ்சள் நிறத்தில், குதிரைவால்போல உரோமம் தொங்குகிற ஒரு நாய் சிரித்தது. நண்டுமுனையில் அப்படியொரு நாயை எவரும் கண்டதில்லை. பட்டணத்திலிருந்து மிருக வைத்தியர் ஒருவர் வந்திருந்தார். அவர் சுருக்கமாகத்தான் பேசினார்.

"இதுல கொழுப்பமிலம் எண்டு ஒரு சத்து இரிக்கி. தீனோட ஒரு கரண்டி கலந்து குடுக்கணும். உள்ளுக்குப் போய்த்தான் தோல் ஆறும். உரோமம் முளைக்க இரண்டு மாசமாவது செல்லும். பொறுமை வேணும்."

சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மக்டலின் அந்தப் பேச்சை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் சேர்மன் வல்லிபுரத்தைப் பார்த்தார்கள். சேர்மனின் முகம் கறுத்திருந்தது.

"இரண்டு மாசமா? தகரம் தந்த பெரியவர் வாற கிழமையே பாக்க வாறார். முளைக்குது முளைக்குது எண்டு அவருக்குக் கதை சொல்லுறதா?"

அவர் ஒரு தகரத்தை உடைத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். முகம் மலர்ந்தது. வல்லிபுரம் சபைக்கு வருமுன் ஏழெட்டுத் தோணிக்குச் சொந்தக்காரர்.

"அட, இது நம்மட சுறாவெண்ணெயெல்லோ!"

கூட்டத்துக்கும் அந்த மணம் எட்டியது. ஊரில் அந்த மணம் தெரியாத ஆள் உண்டா? சுறா ஈரலைக் காய்ச்சி வடித்து, தேங்காய்த் தும்பு சுற்றிய கட்டையைத் தோய்த்துத் தோணிக்குப் பூசுவது பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம். பூசின தோணி வெயிலுக்கு வெடிக்காது, தண்ணீருக்கு உக்காது, பளபளவென்று நிற்கும்.

சேர்மன் கையை உயர்த்திக் கேட்டார்: "தோணிக்கு ஆராவது கரண்டியால தீத்துறீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இல்லை, இல்லை என்றார்கள்.

"பிறகென்ன! நாயும் வெடிக்குது, தோணியும் வெடிக்குது. வெளியில பூசுங்க. உள்ளுக்குப் போறது ஆருக்குத் தெரியும்? வெளியில தெரியிறதைத்தான் மேலிடம் பாக்கும். இருபது வருசமா நான் இந்தச் சபையை அப்பிடித்தான் நடத்திறன்."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் எடுத்தது.

அந்தக் கிழமை நண்டுமுனையில் நாய்கள் தோணிகளைப்போலக் கவிழ்த்துப் போடப்பட்டு, நாலு காலும் பிடிக்கப்பட்டு, தும்புக்கட்டையால் பூசப்பட்டன. ஊரெல்லாம் சுறா மணம். காகங்கள் நாய்களுக்குப் பின்னால் ஊர்வலம் போயின. நாய்கள் மணலில் புரள, மணல் எண்ணெயில் ஒட்ட, அதற்கு மேல் இன்னொரு பூச்சுப் பூசினார்கள். அடுத்த வீட்டு ஆசியா உம்மா வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"என்னகா மக்டலின், நீ பூசல்லியா?"

"டாக்குத்தர் சொன்னபடி சோத்தில கலந்து வைக்கிறன் உம்மா. வெடிச்ச தோலில மணலையும் சேத்துப் பூசினா அது அழுகிப் போகாதா?"

"நீ சொல்றது சரிதான் புள்ள. ஆனா சபைக்கு அது விளங்கணுமே."

ஆசியா உம்மாவுக்கும் ஒரு தகரம் கிடைத்திருந்தது. அவள் வீட்டில் நாய் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவளிடம் நாய்த்தோல் பரிசோதகர் பேர்னாட், வீட்டுக்கு ஒரு நாய் என்பது சபையின் சராசரி, சராசரியை மீற எவருக்கும் அதிகாரமில்லை என்று விளக்கியிருந்தார்.

"நாங்க நாய் வளக்கிறல்ல மனே" என்றாளாம் அவள்.

"வளக்காம இரிக்கலாம் உம்மா. ஆனா பரிசோதனைக்குக் கொண்டுவராம இரிக்க ஏலாது."

பரிசோதனை நாள் வந்தது. சபைக் கட்டடம் வாவியைப் பார்த்து நிற்கிறது. சாயங்கால வெயில் முற்றத்தில் விழும். விறாந்தையின் உட்சுவர் நிழலுக்குள் வெள்ளை வெளேரென்று இருக்கும். பரிசோதகர் பேர்னாட் கண்டுபிடித்த முறை இதுதான்: நாயை முற்றத்து வெயிலில் நிறுத்த வேண்டும். அதன் முதுகில் பட்ட வெயில் தெறித்துச் சுவரில் வெளிச்சமாக விழ வேண்டும். விழுந்தால் ஆரோக்கியம். விழாவிட்டால் ஜெயராஜா.

எண்ணெய் பூசின நாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுவரில் வெளிச்சம் ஆடியது. கொழும்பிலிருந்து வந்த பெரியவர் மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு, "அற்புதம், ஒரே கிழமையில்!" என்றார். தேறின நாய்க்கு, வெறுந்தகரத்தில் வெட்டிய வட்டச் சில்லு ஒன்று கழுத்தில் கட்டப்பட்டது. ஆசியா உம்மா தன் கறுத்த ஆட்டுக்கு எண்ணெய் தடவிக் கொண்டுவந்திருந்தாள். ஆடு "மே" என்றது. பேர்னாட் சுவரைத்தான் பார்த்தார். சுவரில் வெளிச்சம் தெளிவாக விழுந்திருந்தது.

"நல்ல நாய்" என்று சில்லைக் கட்டினார்.

கடைசியில் மக்டலின், இடுப்பில் பிள்ளையும் கையில் கயிறுமாகக் கப்பித்தானை நிறுத்தினாள். சுவரில் ஒன்றும் விழவில்லை. வெடிப்புகள் ஆறத் தொடங்கியிருந்தன என்பது அவளுக்குத் தெரியும், கிட்ட நின்று தடவிப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

"ஐயா, இது உள்ளுக்குக் குடிக்குது. இன்னும் கொஞ்ச நாளில மயிர் வந்திரும். டாக்குத்தரே சொன்னவர்."

பேர்னாட் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் பெரியவருக்குக் கேட்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னார்: "நண்டுமுனையில் திட்டம் முழு வெற்றி. ஆகையால் நண்டுமுனையில் வெளி விழுந்த நாய் இல்லை. ஆகையால் இது நண்டுமுனை நாய் இல்லை. எங்கிருந்தோ வந்த கட்டாக்காலி."

"ஐயோ, நீங்க தோணி மலிவா வித்தீங்க எண்டு என்ர புருசன் வாங்கேக்க, அதுக்குள்ள குட்டியாக் கிடந்த நாயெல்லோ இது! உங்கட தோணியில பிறந்த நாய்!"

சேர்மன் கப்பித்தானைப் பார்த்தார். கப்பித்தான் பழக்கதோசத்தில் வாலை ஆட்டியது. ஜெயராஜா வாங்கிலிருந்து எழுந்தான். மக்டலின் கயிற்றைக் கிட்ட இழுத்தாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெயராஜா துவக்கை மடித்துத் திறந்து பார்த்தான், சட்டைப் பையைத் தடவினான்.

"தோட்டா முடிஞ்சு போச்சு" என்றான்.

தெருவில் திரிந்த கட்டாக்காலிகளால் காலையிலிருந்து அவனுக்கு வேலை அதிகமாக இருந்திருக்கிறது. மறு தோட்டா, மறு தகரங்களோடு லொறியில்தான் வரும். அதுவரைக்கும் சபை கருணை காட்டுவதாகச் சேர்மன் அறிவித்தார். பெரியவர் அந்தக் கருணையையும் பாராட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

லொறி பிந்தியது. அந்தப் பிந்தல்தான் கப்பித்தானின் ஆயுள். மக்டலின் வேறொன்றையும் நினைக்கவில்லை. தன் சோறு குறைந்தாலும் நாயின் சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது. வெடிப்பு மூடியது. பிறகு பூனைமயிர்போல மென்மையாக ஒன்று அரும்பியது. பிறகு அடர்ந்தது. கறுப்பும் செம்மையுமாக, கை வைத்தால் விரல் மறைகிற உரோமம். பீற்றிஸ் அதை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினாள். முதன்முதல் இரண்டடி நடந்ததும் அந்த முதுகைப் பிடித்துத்தான். மக்டலின் மீன் கீறுகிற கத்தியைப் போட்டுவிட்டு, அடியே என்ர செல்லமே என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில்தான்.

ஊரின் மற்ற நாய்களுக்கு நடந்தது வேறு. எண்ணெயும் மணலும் வெயிலும் சேர்ந்து வெந்து, உரோமம் வேரோடு கழன்று விழுந்தது. சொறிந்து சொறிந்து வெறுந்தோலான நாய்கள், நிழல் கண்ட இடத்தில் ஒடுங்கிக் கிடந்தன. அதற்கும் மேலே பூசச் சொன்னது சபை. பூசினார்கள். வெறுந்தோலில் எண்ணெய் முன்னையைவிட நன்றாகப் பளபளத்தது. அந்த எண்ணெயால் உண்மையாகப் பயனடைந்தது, கப்பித்தானை விட்டால், ஜெயராஜாவின் துவக்குத்தான். அவன் ஒவ்வொரு நாளும் அதைப் பூசித் துடைத்துக்கொண்டிருந்தான். துவக்கைத் திறந்து பூட்டும் சத்தமே கேட்காது.

இரண்டாம் பரிசோதனைக்கு முதல்நாள் பேர்னாட் வீடுவீடாக வந்தார். கப்பித்தானைக் கண்டதும் வேலிப் படலையிலேயே நின்றுவிட்டார்.

"இதென்ன, இதுக்கு இப்பிடி வந்திரிக்கி?"

"பாருங்க ஐயா! வைத்தியர் சொன்னபடியே மயிர் முளைச்சிட்டு!" மக்டலின் சிரித்துக்கொண்டு நாயை முன்னால் தள்ளினாள். "தகரத்தில இரிக்கிற படம்போலவே வந்திரிக்கி."

பேர்னாட் கையை நீட்டவில்லை. ஓரடி பின்னால் வைத்தார்.

"ஊர் நாய் எல்லாத்துக்கும் ஒரே மாதிரித் தோல். இதுக்கு மட்டும் மேல என்னவோ மூடியிரிக்கி. இது தொற்றுமா?"

மக்டலினுக்கு முதலில் அவர் பகிடி விடுகிறார் என்றுதான் பட்டது. பகிடி இல்லை. அவர் அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனார். சபை அவசரமாகக் கூடியது. மாலையில் ஒலிபெருக்கி வந்தது.

"நாய்களின் முதுகில் உரோமம் காணப்படுவது திட்டத்துக்கு எதிரான நோய் என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. உரோமம் வெளிச்சத்தைக் குடித்துவிடுகின்றது. அதனால் சுவரில் விழவேண்டிய வெளிச்சத்தில் பொதுமக்களுக்கு நட்டம் ஏற்படுகின்றது. நண்டுமுனையில் உரோமமுள்ள நாய் இல்லை. இருந்தால் நாளை அகற்றப்படும். தோட்டா லொறி நாளை வருகின்றது என்பதையும் மகிழ்ச்சியோடு அறியத்தருகின்றோம்."

மக்டலின் ஓடிப்போய்ச் சேர்மனின் விறாந்தையில் நின்றாள்.

"ஐயா, உரோமம் வரட்டும் எண்டுதானே திட்டம்? பேரிலேயே உரோம மேம்பாடு எண்டு கிடக்கே!"

வல்லிபுரம் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இஞ்ச பார் தங்கச்சி, உன்ர நாய் நல்லாத்தான் இரிக்கி. எனக்குக் கண் இல்லையா? ஆனா ஒரு நாய் நல்லா இரிந்தா மத்த நாயெல்லாம் என்ன எண்டு மேலிடம் கேக்கும். ஊர் நாய் எல்லாத்துக்கும் மயிர் முளைப்பிக்க என்னால ஏலாது. ஒரு நாய்க்கு மயிர் இல்லாமப் பண்ண ஏலும். எது லேசு எண்டு நீயே சொல்லு."

வீட்டுக்கு வந்தவள், செபஸ்தியாம்பிள்ளையின் சவரக்கத்தியை எடுத்தாள். ஆசியா உம்மா கப்பித்தானின் தலையைப் பிடிக்கப் போனாள், பிடிக்கத் தேவையிருக்கவில்லை. நாய் மக்டலினின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. உரோமம் கொத்துக்கொத்தாக விழுந்தது. மக்டலின் மூக்கைச் சிந்திச் சிந்தி வழித்தாள்.

"உசிர் இரிந்தா மயிர் திரும்ப வரும் புள்ள. அழாத" என்றாள் ஆசியா உம்மா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

வழித்து முடித்து, தும்புக்கட்டையால் எண்ணெய் பூசினாள். பீற்றிஸ் தவழ்ந்து வந்து வழக்கம்போல முதுகைப் பிடித்து எழும்பப் பார்த்தாள். கை வழுக்கியது. திரும்பவும் பிடித்தாள், திரும்பவும் வழுக்கித் தரையில் குந்திவிட்டாள். பிறகு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் மக்டலின் தோணியில்தான் வந்தாள். தெருவால் கூட்டிவந்தால் வழியில் மணல் ஒட்டிவிடும் என்ற பயம். பழைய துறையின் கட்டையில் தோணியைக் கட்டிவிட்டு, பிள்ளையோடும் நாயோடும் ஏறி முற்றத்துக்குப் போனாள். கப்பித்தான் வெயிலில் நின்றதும் சுவரில் விழுந்தது பாருங்கள் ஒரு வெளிச்சம்! அதுவரை எந்த நாயும் அப்படி விழுத்தியதில்லை. கூரை வளைமரம்வரை ஏறி நின்றது. கூட்டம் ஆவென்றது. சேர்மனே இறங்கி வந்து சில்லைக் கட்டினார்.

"பாத்தீங்களா! நோய் பிடிச்ச நாயைச் சபை ஒரே இரவில குணப்படுத்தியிரிக்கி!"

மக்டலின் தலையைக் குனிந்துகொண்டாள். போதும், தப்பிவிட்டது. திரும்பிப் போகலாம் என்று கயிற்றை இழுத்தாள். அப்போதுதான் லொறி வந்து நின்றது.

முதலில் ஒரு சின்னப் பெட்டி இறங்கியது. அதை ஜெயராஜா வாங்கிக்கொண்டு போய் வாங்கில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தான். பிறகு தகரங்கள் இறங்கின. அதே உயரம், அதே மஞ்சள். நாயின் படம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் கன்னம் பளபளக்க ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. தகரங்களுக்குப் பின்னால் ஒரு கட்டுத் தும்புக்கட்டைகளும் வந்தன. நாய்க்குப் பூசினவற்றைவிடச் சிறியவை.

சேர்மன் ஒலிபெருக்கியை வாங்கினார். "நாய்த் திட்டத்தில் நாங்கள் கண்ட வெற்றியைப் பார்த்து, மேலிடம் மனம் மகிழ்ந்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தோல் மேம்பாட்டையும் நம்மிடமே ஒப்படைத்துள்ளது. முறை அதே முறை. சுவர் அதே சுவர்."

பேர்னாட் மக்டலினை நோக்கி வந்தார். கையில் ஒரு சின்னக் கட்டை.

"உங்கட பிள்ளைக்கு என்ன வயசு? நீங்களே முன்மாதிரியாத் தொடங்கினா நல்லம். உங்கட கை நல்ல கை." அவர் பீற்றிஸின் தலைமயிரை விரலால் தூக்கிப் பார்த்தார். "இது கொஞ்சம் அடர்த்திதான். அதுக்கும் வழி இரிக்கி."

கப்பித்தான் உறுமியது.

கத்தி பட்டபோதும், எண்ணெய் பூசியபோதும் வாய் திறக்காத நாய். பிள்ளைக்கும் பேர்னாட்டுக்கும் நடுவில் புகுந்து, பல்லைக் காட்டி, அடிவயிற்றிலிருந்து உறுமியது. பேர்னாட் கட்டையைக் கீழே போட்டார். பூவரச மரத்தடியில் ஜெயராஜா எழுந்தான். இந்தத் தடவை அவன் சட்டைப் பையைத் தடவவில்லை.

"ஓடு புள்ள!" என்று கத்தினாள் ஆசியா உம்மா.

மக்டலின் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள். கப்பித்தான் அவளுக்கு முன்னால் தோணிக்குள் பாய்ந்தது. ஆசியா உம்மா ஆட்டையும் விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கயிற்றை அவிழ்த்து, தோணியைப் பலம் கொண்ட மட்டும் தள்ளிவிட்டாள். அக்கரையில் படுவான்கரை. பாதி வாவியைக் கடந்தால் நண்டுமுனைச் சபைக்கு அதிகாரமில்லை. மக்டலின் துடுப்பை மாறிமாறிக் குத்தினாள்.

ஒலிபெருக்கி தண்ணீருக்கு மேலால் வந்தது.

"பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம். நண்டுமுனையில் உறுமுகின்ற நாய் இல்லை. திட்டத்தை விட்டு ஓடுகின்ற தாயும் இல்லை. ஆகையால் இப்போது வாவியில் போகின்ற தோணியில் ஒருவரும் இல்லை."

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு, வாயை மைக்கிலிருந்து எடுக்க மறந்து, சேர்மன் ஜெயராஜாவிடம் சாதாரணக் குரலில் சொன்னது வாவி முழுவதும் கேட்டது.

"வெறுந்தோணிதானே. சுட்டுப் பாரன்."

மக்டலின் திரும்பிப் பார்த்தாள். கப்பித்தான் தோணியின் பின்முனையில், கரையைப் பார்த்தபடி கால்களை ஊன்றி நின்றது. மேற்கு வெயில் அதன் வழித்த முதுகில் பட்டு, கரைவரைக்கும் தெறித்து, சபையின் வெள்ளைச் சுவரில் ஒரு வெளிச்சமாக ஆடிக்கொண்டிருந்தது. அவளே தன் கையால் பூசிய வெளிச்சம்.

"படு கப்பித்தான்! படுடா என்ர ராசா!"

அது படுக்கவில்லை. காவல் நிற்கும்போது அது எப்போதும் படுப்பதில்லை. அவள் துடுப்பைப் போட்டுவிட்டு, தோணிக்குள் கிடந்த ஈரச்சாக்கை இழுத்து நாயின் மேல் போர்த்தி, பிள்ளையையும் கீழே அமுக்கி, இரண்டுக்கும் மேலால் விழுந்து படுத்தாள். சுவரில் ஆடிய வெளிச்சம் அணைந்தது. தோணி நீரோட்டத்தில் மெதுவாகத் திரும்பியது.

சாக்கின் ஓரத்தால் அவளுக்குக் கரை தெரிந்தது. ஜெயராஜா, குறிவைத்திருந்த பளபளப்பு மறைந்துபோக, சுடாமலே துவக்கைத் தாழ்த்தி, சேர்மனைத் திரும்பிப் பார்த்தான். சேர்மன் வல்லிபுரம் கண்ணுக்கு மேல் ஒரு கையைக் குடைபோல வைத்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டி, ஒருவருமில்லாத தோணியில் மக்டலின் எங்கே படுத்திருக்கிறாள் என்று விரலால் சுட்டிக் காட்டினார்.